மார்பகப் பயாப்ஸி அறிக்கையை எப்படி வாசிப்பது?

மார்பகத்தில் தென்பட்ட கட்டியிலிருந்து ஊசி மூலம் சதையெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிய பிறகு, சில நாள்கள் கழித்துக் கைக்கு வந்து சேரும் அறிக்கையில் பெரும்பாலானவர்களின் கண் தேடுவது புற்றைக் குறிக்கும் ‘கார்சினோமா’ என்ற ஒரு சொல்லை மட்டுமே. அந்தச் சொல் இருந்துவிட்டால் மற்ற வரிகளைப் படிக்கும் தெம்பு போய்விடுகிறது; இல்லாவிட்டால் மற்றதைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை என்று தோன்றிவிடுகிறது. ஆனால் அறுவை முதலிலா மருந்து முதலிலா, எந்த மருந்து பலன் தரும், எது தேவையில்லை என்பவற்றையெல்லாம் பெருமளவுக்கு முடிவு செய்பவை அந்தச் சொல்லுக்குக் கீழே வரும் வரிகள்தாம். நோயாளியிடமிருந்து அறிக்கையை மறைத்து, குடும்பத்தினர் மட்டும் வாசித்து முடிவெடுக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. யாருடைய உடலோ அவருக்கே அந்த வரிகள் முதலில் புரிய வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

விளக்கத்துக்காக ஒரு மாதிரி அறிக்கையை எடுத்துக்கொள்வோம். இது எவருடைய உண்மை அறிக்கையும் அன்று. வழக்கமாக வரும் வரிகளைக் கொண்டு அமைத்தது. ‘வலது மார்பகம், 10 மணி நிலை, கோர் ஊசி பயாப்ஸி: இன்வேசிவ் பிரெஸ்ட் கார்சினோமா, நோ ஸ்பெஷல் டைப். நாட்டிங்ஹாம் கிரேடு 2, மதிப்பெண் 3+2+1=6. ஈ.ஆர். பாசிட்டிவ், 90 சதவீதம், வலுவான நிறம். பி.ஆர். பாசிட்டிவ், 40 சதவீதம், மிதமான நிறம். ஹெர்2: 2+. கே.ஐ.-67: 18 சதவீதம்.’ இந்த நான்கைந்து வரிகளுக்குள் ஏறக்குறைய எல்லாமே இருக்கின்றன. அதோடு, இந்த அறிக்கை இன்னும் முடிவடையவில்லை என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது. அது எந்த வரியில் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில், எடுத்த சதைக்கு என்ன நேர்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கோர் பயாப்ஸியில், பெரும்பாலும் 14 கேஜ் அளவுள்ள ஊசியால், அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லிய நூல் போன்ற சதைத் துண்டுகள் சிலவற்றை எடுக்கிறார்கள். அவை உடனே ஃபார்மலின் திரவத்தில் இடப்பட்டு, குறைந்தது 6 மணி நேரம், அதிகமாக 72 மணி நேரம் அதில் ஊற வேண்டும். பிறகு மெழுகில் பதிக்கப்பட்டு, ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்குக்கும் மெல்லிய சீவல்களாகச் சீவப்பட்டு, கண்ணாடி வில்லையில் ஒட்டப்பட்டு, நிறமேற்றப்பட்டு நோய்க்குறியியல் மருத்துவரின் நுண்ணோக்கிக்குச் செல்கின்றன. இந்த ஃபார்மலின் விஷயத்தைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. சதை ஃபார்மலினில் சேரத் தாமதமானாலோ, வெறும் சலைன் நீரில் போட்டு ஊர்விட்டு ஊர் அனுப்பப்பட்டாலோ, ஈ.ஆர்., பி.ஆர். போன்ற சோதனைகள் உண்மையில் பாசிட்டிவாக இருந்தும் நெகட்டிவ் என்று காட்டிவிடலாம். எஃப்.என்.ஏ.சி. எனப்படும் மெல்லூசிச் சோதனை இதிலிருந்து வேறுபட்டது. அதில் உதிரிச் செல்கள் மட்டுமே கிடைப்பதால், அவை புற்றுச் செல்களா என்று சொல்ல முடிந்தாலும், பால் நாளத்தின் சுவரைத் தாண்டி ஊடுருவியிருக்கின்றனவா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. சிகிச்சையைத் திட்டமிட கோர் பயாப்ஸியே வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான். ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்ற அச்சத்தில் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நேராகக் கட்டியை வெட்டி எடுக்கச் சொல்பவர்களும் உண்டு. அந்த அச்சத்தால் கோர் பயாப்ஸியைத் தவிர்ப்பது தவறு. என்ன நோய் என்று தெரியாமல் செய்யும் அறுவைதான் பலருக்கு இரண்டாவது அறுவையைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

அறிக்கையின் தலைப்பகுதியில் பெயர், வயது, ஆய்வக எண் ஆகியவற்றோடு எந்தப் பக்க மார்பகம், எந்த இடம் என்பது இருக்கும். மார்பகத்தைக் கடிகார முகமாகப் பாவித்து இடத்தை மணிக் கணக்கில் குறிப்பது மருத்துவ வழக்கம். வலது மார்பகத்தில் 10 மணி என்றால் அக்குளை நோக்கிய மேற்பகுதி. இவை ஸ்கேன் அறிக்கையோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது நோயாளியே செய்யக்கூடிய வேலை. இரண்டு இடங்களில் சதை எடுத்திருந்தால் இரண்டுக்கும் தனித்தனி முடிவு இருக்க வேண்டும்.

புற்றுநோய் இல்லை என்ற முடிவுகளும் ஒரே வகையானவை அல்ல. ஃபைப்ரோஅடினோமா, ஃபைப்ரோசிஸ்டிக் மாற்றம் ஆகியவை தீங்கற்றவை. பெரும்பாலானவர்களுக்குக் கண்காணிப்பே போதும். கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ் என்று வந்தால், அது பார்வைக்கும் தொடுகைக்கும் புற்றுநோயைப் போலவே தோன்றக்கூடிய ஓர் அழற்சி. காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் அதற்குக் காரணம் காசநோயா என்று தனியே சோதித்துப் பார்ப்பது அவசியம். இவற்றுக்கும் புற்றுக்கும் நடுவே இன்னொரு வகை உண்டு: அடிபிகல் டக்டல் ஹைப்பர்பிளேசியா என்ற சொற்களோ, ‘ஃபைப்ரோஎபிதீலியல் லீஷன், பிலாய்ட்ஸ் கட்டியாக இருக்க வாய்ப்புண்டு’ என்ற பொருள்படும் வரியோ வந்தால், புற்றுநோய் இல்லை என்று நிம்மதியடைந்து வீட்டுக்குப் போய்விடக் கூடாது. ஊசியில் வந்த சிறு துண்டைக் கொண்டு முழுமையாகத் தீர்மானிக்க முடியவில்லை, அந்தப் பகுதியை முழுதாக எடுத்துப் பார்ப்பது நல்லது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். சில ஆய்வகங்கள் பிரிட்டிஷ் முறைப்படி பி1 முதல் பி5 வரை எண் இடுவதும் உண்டு. பி2 தீங்கற்றது, பி3 இந்த நடுவகை, பி4 சந்தேகத்துக்குரியது, பி5 புற்று.

‘டக்டல் கார்சினோமா இன் சைட்டு’, சுருக்கமாக டி.சி.ஐ.எஸ்., என்ற முடிவு மிகுந்த குழப்பத்தைத் தருவது. பால் நாளத்தின் உட்சுவரில் இருக்கும் செல்கள் புற்றுச் செல்களாக மாறியிருக்கின்றன. ஆனால் நாளத்தைவிட்டு வெளியேறவில்லை என்று இதற்குப் பொருள். நாளத்துக்குள்ளேயே அடைந்திருக்கும் வரை அவை உடலின் மற்ற உறுப்புகளுக்குச் செல்ல வழியில்லை. ஆகவே இதை 0 நிலை என்கிறார்கள். கீமோதெரபி இதற்குத் தேவையில்லை. அறுவையும், பலருக்குக் கதிர்வீச்சும், சிலருக்கு ஹார்மோன் மாத்திரையும் போதும். ஆனாலும் ஊசியில் டி.சி.ஐ.எஸ். மட்டும் தென்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, அறுவையில் முழுப் பகுதியையும் எடுத்துப் பார்க்கும்போது எங்கேனும் ஊடுருவிய பகுதியும் இருப்பது தெரியவருகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பயாப்ஸிக்கு எப்போதும் பொருந்துவதில்லை. ‘லோபுலார் கார்சினோமா இன் சைட்டு’ என்பதோ பெயரில் கார்சினோமா இருந்தாலும் புற்றுநோயாகக் கணக்கிடப்படுவதில்லை. பிற்காலத்தில் இரு மார்பகங்களில் எதிலும் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் ஒரு நிலை என்றே அது கருதப்படுகிறது.

நம் மாதிரி அறிக்கையில் இருப்பது ‘இன்வேசிவ்’. செல்கள் நாளச் சுவரைக் கடந்து சுற்றியுள்ள திசுவுக்குள் புகுந்துவிட்டன என்று இதற்குப் பொருள். உடலெங்கும் பரவிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கலங்கிப்போகும் குடும்பங்கள் ஏராளம். ஓர் அரிசி மணியின் அளவே உள்ள, முழுமையாகக் குணப்படுத்தக்கூடிய புற்றும் இன்வேசிவ் என்றே எழுதப்படும். அடுத்து வரும் ‘நோ ஸ்பெஷல் டைப்’ என்பது, நுண்ணோக்கியில் தனித்த அடையாளம் ஏதும் காட்டாத பொது வகை. மார்பகப் புற்றுகளில் பெரும்பான்மை இதுவே. முன்பு இதையே இன்வேசிவ் டக்டல் கார்சினோமா என்று எழுதினார்கள். இன்றும் பல அறிக்கைகளில் அப்பெயரே வருகிறது. இன்வேசிவ் லோபுலார் என்ற வகையில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசையாக ஊர்ந்து பரவுவதால், கட்டி கைக்குத் தட்டுப்படுவதும் மேமோகிராமில் தெளிவாகத் தெரிவதும் குறைவு, அதனால் எம்.ஆர்.ஐ. கேட்பார்கள். செல்களை ஒட்டவைக்கும் இ-கேட்ஹெரின் என்ற புரதம் நெகட்டிவ் என்று அறிக்கையில் கண்டால், அது இந்த வகையை உறுதிசெய்யச் செய்த சோதனை. சிகிச்சை தோற்கும் என்பதற்கான குறி அன்று. மியூசினஸ், டியூபுலார் ஆகிய அரிய வகைகள் பொதுவாகச் சாந்தமானவை.

இனி கிரேடு. இதைப் போலத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் வரி வேறில்லை. கிரேடு 3 என்பதை மூன்றாம் நிலைப் புற்றுநோய் என்று வாசித்து, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று முடிவுகட்டிச் சிகிச்சைக்கே வராமல் போகும் ஆபத்து இதில் இருக்கிறது. நிலை என்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சொல்வது. கட்டியின் அளவு, நிணநீர்க் கணுக்கள், மற்ற உறுப்புகள் ஆகியவற்றைப் பார்த்தே அது முடிவாகும். கிரேடு என்பது செல்களின் சுபாவம். அவை இயல்பான மார்பகச் செல்களிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பதை அளப்பது. 1957இல் புளூம், ரிச்சர்ட்சன் இருவரும் வகுத்த முறையை, 1991இல் நாட்டிங்ஹாம் நகரில் எல்ஸ்டனும் எல்லிஸும் திருத்தமாக்கினார்கள். நாளம் போன்ற குழாய் வடிவங்களைச் செல்கள் எந்த அளவுக்கு அமைக்கின்றன, உட்கருவின் உருவம் எவ்வளவு மாறியிருக்கிறது, பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் எத்தனை என்ற மூன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண் இட்டுக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 3 முதல் 5 வரை என்றால் கிரேடு 1, 6 அல்லது 7 என்றால் கிரேடு 2, 8 அல்லது 9 என்றால் கிரேடு 3. நம் மாதிரியில் குழாய் வடிவங்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, ஆகவே 3. உட்கரு மாற்றம் மிதம், ஆகவே 2. செல் பிரிவு குறைவு, ஆகவே 1. ஆறு மதிப்பெண் என்பது கிரேடு 2இன் அடிப்படிக்கட்டு. வெறும் கிரேடை மட்டும் பார்க்காமல் மூன்று மதிப்பெண்களையும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். சிறு துண்டில் பிரியும் செல்கள் குறைவாகவே அகப்படலாம் என்பதால், அறுவைக்குப் பின் வரும் அறிக்கையில் கிரேடு ஒரு படி மாறுவதும் உண்டு. அதை ஆய்வகத்தின் பிழையாகக் கருத வேண்டியதில்லை.

சிகிச்சையைத் திசைதிருப்பும் ஆற்றல் அதிகம் உள்ளவை அடுத்த மூன்று சோதனைகள். செல்லில் உள்ள புரதங்களை நிறமேற்றிக் கண்டறியும் முறையான ஐ.எச்.சி. என்ற தலைப்பில், சில நேரம் முதல் அறிக்கைக்குப் பின் தனித்தாளாக இவை வரும். ஈ.ஆர். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியையும், பி.ஆர். புரோஜெஸ்டிரோன் ஏற்பியையும் குறிப்பவை. புற்றுச் செல்களில் இந்த ஏற்பிகள் இருந்தால், உடலில் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோனே அவற்றுக்குத் தூண்டுதல் என்று அறிகிறோம். அந்தத் தூண்டுதலைத் தடுக்க டமாக்சிஃபென், லெட்ரசோல், அனஸ்ட்ரசோல் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. குறைந்தது 5 ஆண்டுகள் எடுத்துக்கொள்ள வேண்டிய இவை, நோய் திரும்பி வருவதைக் கணிசமாகக் குறைப்பவை. இங்கே ‘பாசிட்டிவ்’ என்பது நல்ல செய்தி. மற்ற சோதனைகளில் பாசிட்டிவ் என்றாலே அஞ்சிப் பழகிய மனம் இதை ஏற்கச் சற்று நேரமாகும். நிறமேற்ற செல்கள் 1 சதவீதம் இருந்தாலே பாசிட்டிவ்தான், ஆனால் ஈ.ஆர். 1 முதல் 10 சதவீதம் வரை இருப்பதை ‘லோ பாசிட்டிவ்’ என்று தனியே குறிக்கிறார்கள். ஹார்மோன் மாத்திரை அவர்களுக்கு எவ்வளவு பலன் தரும் என்பது 90 சதவீதம் உள்ளவர்களுக்கு இருக்கும் அளவுக்கு உறுதியானதன்று. சில ஆய்வகங்கள் சதவீதத்துக்கு மாற்றாக அல்லது அதோடு சேர்த்து ஆல்ரெட் மதிப்பெண் தரும். அதில் முழு மதிப்பெண் 8, பாசிட்டிவ் எனக் கொள்ள 3 போதும்.

ஈ.ஆர். நெகட்டிவ் என்று வந்தால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: சோதனை சரியாக நடந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க அதோடு வைக்கப்பட்ட கட்டுப்பாட்டுத் திசு சரியாக நிறமேற்றதா? அதே துண்டில் உள்ள இயல்பான நாளச் செல்களில் சிலவாவது நிறமேற்றிருக்க வேண்டும். கிரேடு 1 புற்று ஈ.ஆர். நெகட்டிவாக இருப்பதும், ஈ.ஆர். நெகட்டிவ், பி.ஆர். பாசிட்டிவ் என்ற சேர்க்கையும் அபூர்வமானவை. அப்படி வந்தால் மறுசோதனை கோருவது நியாயமே. ஆண்டுக்கணக்கில் உயிர் காக்கும் ஒரு மாத்திரை இந்த ஒரு வரியால் கிடைக்காமல் போகக் கூடாது.

ஹெர்2 செல்லின் மேற்புறத்தில் இருக்கும் ஒரு புரதம்; 17ஆம் குரோமோசோமில் உள்ள மரபணு பெருகிவிட்டால் அப்புரதமும் அளவுக்கு மீறிப் பெருகி, செல்லை வேகமாக வளரத் தூண்டுகிறது. சோதனை முடிவு 0, 1+, 2+, 3+ என்று வரும். 0, 1+ நெகட்டிவ், 3+ பாசிட்டிவ். பாசிட்டிவான நோய் இயல்பில் வேகமானதுதான். ஆனால் 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் என்ற மருந்து அதன் போக்கையே மாற்றிவிட்டது, இன்று அதன் பயோசிமிலர்கள், அதாவது அதற்கு நிகரான மருந்துகள், இந்தியாவிலேயே தயாராகின்றன. நம் மாதிரி அறிக்கையில் இருப்பதோ 2+. முடிவடையாத வரி என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். 2+ என்பது பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை. ஃபிஷ் என்ற மரபணுச் சோதனையை அதே மெழுகுத் துண்டில் செய்து பார்த்த பிறகே விடை தெரியும். ஃபிஷ் சோதனைக்குத் தனிக் கட்டணம் ஆகும், முடிவுக்கு மேலும் சில நாள்கள் காத்திருக்க வேண்டும். அதற்காக அதைத் தவிர்த்துவிட்டுச் சிகிச்சையைத் தொடங்குவதை நான் ஏற்க மாட்டேன். நோய் கண்டறிந்த பின் அந்தச் சில நாள்கள் காத்திருப்பதால் நோய் கைமீறிப் போய்விடாது, ஆனால் ஹெர்2 பாசிட்டிவ் என்று தெரியாமல் போனால் இழப்பு பெரிது. நெகட்டிவ் என்று முடிவானாலும் 1+, 2+ என்ற எண்ணைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. 2022 முதல், பரவிய நிலையில் உள்ள சிலருக்கு இந்த ‘ஹெர்2 லோ’ வகையிலும் பலன் தரும் மருந்து வந்திருக்கிறது.

கே.ஐ.-67 என்பது பிரியும் முனைப்பில் உள்ள செல்களின் சதவீதம். ஈ.ஆர். பாசிட்டிவான தொடக்கநிலை நோயில் 5 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் மெதுவானது, 30 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் வேகமானது என்று நம்பிச் சொல்லலாம். நடுவே வரும் எண்கள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறக்கூடியவை. நம் மாதிரியில் உள்ள 18ஐ, எல்லைகளாகச் சொல்லப்படும் 14ஓடும் 20ஓடும் ஒப்பிட்டுத் தூக்கம் இழப்பதில் பயனில்லை.

ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 மூன்றுமே நெகட்டிவ் என்றால் அதை டிரிபிள் நெகட்டிவ் என்கிறார்கள். மேலை நாடுகளைவிட இந்தியப் பெண்களிடையே இதன் விகிதம் அதிகம். ஹார்மோன் மாத்திரையும் டிராஸ்டுசுமாப்பும் இதற்குப் பயன்படா என்பது உண்மை. ஆனால் கீமோதெரபிக்கு இது நன்றாக இசையக்கூடியது. நோய்த்தடுப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளும் இப்போது சேர்ந்திருக்கின்றன. கட்டி 2 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ அக்குள் கணுக்களில் நோய் இருந்தாலோ, டிரிபிள் நெகட்டிவ், ஹெர்2 பாசிட்டிவ் ஆகிய இரு வகைகளிலும் பெரும்பாலும் மருந்து முதலில், அறுவை பிறகு என்பதே இன்றைய முறை. பரம்பரையாக மார்பகப் புற்று வரும் வாய்ப்பைக் காட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுச் சோதனை தேவையா என்ற கேள்வியையும் டிரிபிள் நெகட்டிவ் வகையினர் தவறாமல் எழுப்ப வேண்டும். விடை சகோதரிகளுக்கும் மகள்களுக்கும் உரியது.

பயாப்ஸி அறிக்கையில் இல்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். துண்டில் புற்று 9 மி.மீ. நீளம் என்று எழுதியிருந்தால், அது அந்த நூலளவு சதையில் கண்ட நீளமே தவிரக் கட்டியின் அளவு இல்லை. நோயின் நிலை, அக்குள் கணுக்களின் எண்ணிக்கை, வெட்டு விளிம்பில் புற்று உண்டா இல்லையா என்பவை ஸ்கேனிலிருந்தும் அறுவைக்குப் பின் வரும் பெரிய அறிக்கையிலிருந்தும் தெரியவேண்டியவை. எத்தனை ஆண்டு வாழ்வேன் என்ற கேள்விக்கும் இத்தாளில் விடை கிடையாது.

ஸ்கேன் பார்த்த மருத்துவருக்குப் புற்றுநோய் என்று வலுவான சந்தேகம் இருந்து, பயாப்ஸியில் ஒன்றுமில்லை என்று வந்தால், அந்த ‘ஒன்றுமில்லை’யை அப்படியே ஏற்கக் கூடாது. ஊசி கட்டியின் ஓரத்தைத் தொட்டுவிட்டு வந்திருக்கலாம். இரண்டு முடிவுகளும் ஒத்துப்போகின்றனவா என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். ஒத்துப்போகாவிட்டால் மறுபடியும் சதை எடுக்க வேண்டும்.

வேறொரு மருத்துவமனையில் இரண்டாம் கருத்துக் கேட்க விரும்பினால், அறிக்கையின் நகல் மட்டும் போதாது. கண்ணாடி வில்லைகளும் மெழுகுக் கட்டிகளும் தேவை. எழுத்து மூலம் கேட்டால் ஆய்வகங்கள் பொதுவாக இவற்றைக் கொடுக்கும். மெழுகுக் கட்டிகளைப் பத்திரமாக வைத்திருக்க இன்னொரு காரணமும் உண்டு. மருந்தை முதலில் எடுத்துக்கொண்டவர்களில் சிலருக்கு, அறுவை செய்யும்போது கட்டி இருந்த இடத்தில் உயிருள்ள புற்றுச் செல் ஒன்றுகூட மிஞ்சியிருப்பதில்லை. மிக நல்ல செய்தி அது. ஆனால் பின்னாளில் வேறு சோதனை தேவைப்பட்டால், சிகிச்சைக்கு முந்தைய அந்த நோயின் மாதிரி பயாப்ஸி மெழுகுக் கட்டியில் மட்டுமே இருக்கும். ஆகவே வாங்கும்போது கட்டிகளின் எண்களைச் சரிபார்த்து வாங்குங்கள், கொடுக்குமிடத்தில் ரசீது பெறுங்கள், வெயில் படாத இடத்தில் வையுங்கள். கார் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மதியம் கிடந்தாலே மெழுகு இளகிவிடக்கூடும்.